மடியில் ஒரு மசாய்க் கன்று

பதறுவதற்குச் சம்பளம் வாங்குகிறவன் நான். துபாயில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் சேஃப்டி ஆபீசர். சாரம் சரிந்தால் என்ன ஆகும், கிரேன் கயிறு அறுந்தால் என்ன ஆகும், வெயிலில் ஒருத்தன் மயங்கி விழுந்தால் என்ன ஆகும் என்பதெல்லாம் மற்றவர்களுக்குத் தோன்றும் முன்பே எனக்குத் தோன்றிவிட வேண்டும். தோன்றிவிடும். சிக்கல் என்னவென்றால், டூட்டி முடிந்து முவைலாவில் இருக்கும் வீட்டுக்கு வந்த பிறகும் தோன்றிக்கொண்டே இருக்கும். லிஃப்டில் நிம்மதியாக நின்றதில்லை. பார்க்கிங்கில் பூனை எதிரே வந்தால் நான்தான் ஒதுங்கி வழிவிடுவேன்.

இப்பேர்ப்பட்டவனின் மகள் பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த கையோடு வந்து, "அப்பா, நான் லெவன்த்ல பயாலஜி எடுக்கறேன். வைல்டுலைஃப் கன்சர்வேஷன்தான் படிக்கப் போறேன்" என்றாள். அவளுக்குக் கம்ப்யூட்டர் சயன்ஸ் என்று நானும் என் மனைவியும் எப்போதோ முடிவு செய்து வைத்திருந்தோம். அவளிடம் மட்டும்தான் சொல்லவில்லை.

அந்த விடுமுறையில் பள்ளியிலிருந்து பிள்ளைகளைக் கென்யாவுக்கு அழைத்துப் போனார்கள். மசாய் குடும்பங்கள் தங்கள் மேய்ச்சல் நிலத்தைச் சிங்கத்துக்கும் யானைக்கும் சேர்த்து விட்டுவைத்திருக்கும் ஓரிடம். அங்கே ஒரு வாரம் தங்கி அவர்கள் வாழ்க்கையையும் காட்டையும் பார்த்துப் படிப்பது ஏற்பாடு. ஆசிரியையோடு துணைக்குப் பெற்றோரில் ஒருவரும் தேவைப்பட்டார்.

"ஏங்க, நீங்களே போங்க" என்றாள் மனைவி. "போய்ப் பாத்துட்டு, இதெல்லாம் நமக்கு ஒத்து வராதுன்னு பக்குவமா சொல்லிடுங்க. நான் சொன்னா சண்டைதான் வரும்."

மகளும் தயங்கவில்லை. "வாங்கப்பா. ஒரு வாரம் கூடவே இருந்து பாருங்க. அப்பவும் வேண்டாம்னா சொல்லிடுங்க. நான் கம்ப்யூட்டரே எடுத்துக்கறேன். ப்ராமிஸ்." கடைசி வார்த்தையில் அவள் குரல் லேசாக இறங்கியது. நான் அதைக் கேட்காதவன் மாதிரி, அங்கே கொசு எப்படி என்று விசாரித்தேன்.

உளவாளியாகத்தான் கிளம்பினேன். பெட்டியில் முதலுதவிப் பை, மூன்று டார்ச், கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு விசில், சைட்டில் போடும் மஞ்சள் ஜாக்கெட். மசாய் ஆண்கள் சிவப்புப் போர்வையில் ராஜா மாதிரி நிற்க, நடுவில் நான் மட்டும் ரோடு போட வந்தவன் போல நின்றேன்.

முதல் நாளே மானம் போனது. அங்கே சிறுவர்கள் பெரியவர்களைப் பார்த்தால் தலையைக் குனிவார்கள், பெரியவர் உச்சந்தலையில் உள்ளங்கையை வைப்பார். அதுதான் வணக்கம். பிள்ளைகள் வரிசையாகக் குனிந்தார்கள். நானும் மரியாதைக்குக் குனிந்துவிட்டேன். எங்களை வரவேற்ற வீட்டுக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். ஒரு கணம் யோசித்தார். பிறகு என் வழுக்கையில் மெல்லக் கை வைத்தார். ஊரே சிரித்தது. என் மகள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவருடைய மகள்தான் எங்களுக்கு வழிகாட்டி. கல்லூரியில் படித்துவிட்டு அந்தக் காட்டிலேயே ரேஞ்சர் வேலை பார்க்கிறாள். காக்கி உடுப்பு, காதில் மணி கோத்த வளையம், நல்ல ஆங்கிலம், அதைவிட நல்ல நக்கல். நான் என்ன வேலை செய்கிறேன் என்று தன் அப்பா கேட்பதாகச் சொன்னாள். ஆபத்து வரும் முன்பே சத்தம் போட்டு எல்லோரையும் எச்சரிப்பது என்றேன். அவர் பதில் சொன்னார், அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு மொழிபெயர்த்தாள்: "எங்க வீட்ல அந்த வேலைய நாய் பாக்குதாம்."

அடுத்த நாள் முழுக்கப் பிள்ளைகள் மாடுகளின் பின்னாலேயே மேய்ச்சலுக்குப் போனார்கள். சாயங்காலம் முள்வேலிக்குள் மாடுகள் திரும்பின, பிள்ளைகளும் திரும்பினார்கள். நான் வாசலில் நின்று, லேபர் கேம்ப் பஸ்ஸில் தொழிலாளர்களை ஏற்றுகிற பழக்கத்தில், ஒவ்வொருவர் தலையாக விரல் நீட்டி உரக்க எண்ணினேன். முடித்ததும் உற்சாகம் தாங்காமல் மாடுகளையும் எண்ண ஆரம்பித்தேன். வீட்டுக்கார அம்மாளின் முகம் சுருங்கிப்போனது. என்னைப் பார்த்து ஏதோ சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

"இங்க மனுஷங்களையும் மாட்டையும் விரல் விட்டு எண்ண மாட்டாங்க, சார்" என்றாள் ரேஞ்சர். "எண்ணினா குறைஞ்சிடும்னு பயம்."

வெட்கமாகிவிட்டது. சாப்பிடுகிற பிள்ளையை உற்றுப் பார்த்தாலே கண் பட்டுவிடும் என்று சுற்றிப்போடுகிற ஊரில் பிறந்தவன்தானே நானும்! "அப்புறம் எல்லாம் வந்துடுச்சான்னு எப்படித் தெரியும்?" என்றேன்.

"பாத்தா தெரியும்."

அப்போது என் மகள் வேலியோரம் நின்று மாடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி, "அந்த ப்ரவுன் கலர் வரலையே. ஒரு காது கிழிஞ்சிருக்குமே, அது" என்றாள். ரேஞ்சர் மாடுகளை ஒரு பார்வை பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது. வீட்டுக்காரர் அதற்குள் ஈட்டியை எடுத்துக்கொண்டு நடக்கவே தொடங்கியிருந்தார்.

"சினை மாடு" என்றாள் ரேஞ்சர். "சிங்கம் அடிச்சிட்டா காலைல இளவட்டங்க அந்தச் சிங்கத்தைத் தேடிப் போவாங்க. தடுக்கறது கஷ்டம். மாட்டைக் காப்பாத்தினாத்தான் சிங்கம் பிழைக்கும்." ஜீப் சாவியை எடுத்தவள் என் மகளைப் பார்த்தாள். "கவனிச்சது நீதானே. வர்றியா?"

ஆசிரியை என்னைக் கை காட்டினார். அப்பா கூடப் போனால் போகலாம். மகள் என்னையே பார்த்தாள். வேண்டாம் என்று சொல்ல அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. ஆனால் வாயிலிருந்து வந்தது, "இந்த ஜீப்புக்குக் கதவு எங்கே?" என்பதுதான்.

"கதவு இருந்தா எப்படிப் பாக்கறது, சார்?" என்றாள் ரேஞ்சர். ஏறிவிட்டேன்.

வழியில் வீட்டுக்காரரையும் ஏற்றிக்கொண்டோம். வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு புதருக்குப் பக்கத்தில் பழுப்பு மாடு நின்றது, காலடியில் அப்போதுதான் ஈன்ற கன்று. சற்றுத் தள்ளி, ஒரு புற்றின் மேல், ஒரு பெண் சிங்கம் சாவகாசமாக உட்கார்ந்திருந்தது.

"அதோட காதையும் வாலையும் பாத்துட்டே இரு. காது மடங்கினா சொல்லு" என்றாள் ரேஞ்சர், என் மகளிடம். எனக்கு ஒரு பொறுப்பும் கொடுக்கவில்லை. வீட்டுக்காரரும் ரேஞ்சருமாக இறங்கி நிதானமாக நடந்தார்கள். எங்கிருந்தோ கீச் கீச்சென்று ஒரு குருவிச் சத்தம் கேட்டது. எந்தக் குருவி இந்நேரத்தில் என்று பார்த்தால், விசிலைக் கடித்துக்கொண்டு மூச்சு விடுவது நான்தான். மகள் சிங்கத்திடமிருந்து கண்ணை எடுக்காமலேயே கையை நீட்டி என் வாயிலிருந்து விசிலைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

"காது நேராத்தான் இருக்கு" என்றாள், வானிலை சொல்கிற குரலில்.

வீட்டுக்காரர் கன்றைத் தூக்கி வந்து இடம் பார்த்தார். இடம் என் மடிதான். ஈரமும் கோழையும் சூடுமாக ஒரு உயிர் மஞ்சள் ஜாக்கெட்டில் வந்து விழுந்தது. ஜீப் மெல்ல நகர, தாய் மாடு அம்மாவென்று கத்திக்கொண்டு பின்னால் வந்தது. என்னையறியாமல், "சலோ பாய், ஜல்தி சலோ! யல்லா யல்லா!" என்று கத்தினேன். கல்ஃபில் இத்தனை வருஷம் இருந்ததற்கு, அந்நியர் யாராக இருந்தாலும், மாடே ஆனாலும், இந்தியும் அரபியும் கலந்த அந்தப் பேச்சுதான் வாயில் வருகிறது.

"இது என்ன மொழி?" என்றாள் ரேஞ்சர்.

"அப்பா பயந்தா பேசற மொழி" என்றாள் மகள். பிறகு திரும்பிப் பார்த்து, தாழ்ந்த குரலில், "போயிட்டா" என்றாள். சிங்கம் எழுந்து, சோம்பல் முறித்து, புல்லுக்குள் இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. அது கண்ணுக்கு மறையும் வரை என் மகள் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். வீட்டில் கணக்குப் புத்தகத்தோடு உட்காரும்போது காலை ஆட்டிக்கொண்டே இருப்பவள். இங்கே அசையாமல் இருந்தாள்.

வேலிக்குள் கன்றை இறக்கிவிட்ட பிறகு வீட்டுக்காரரும் நானும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். இருவர் உடம்பிலும் ஒரே நாற்றம். ரேஞ்சரிடம், "உன்னை இந்த வேலைக்கு அனுப்பும்போது அப்பாவுக்குப் பயமா இல்லையான்னு கேளு" என்றேன்.

அவர் நீளமாகப் பேசினார். அவள் சுருக்கிச் சொன்னாள். "இருந்துச்சாம். இப்பவும் இருக்காம்."

"அப்புறம் எப்படி அனுப்பினார்?"

மந்தமான பிள்ளையைப் பார்ப்பது போல என்னைப் பார்த்துவிட்டு அவர் சொன்னதை அவள் மொழிபெயர்த்தாள். "அவர் அனுப்பலையாம், நான்தான் போயிட்டேனாம். அதுலேர்ந்து சாயங்காலமானா இந்த வேலியோரம் வந்து நின்னு பழகிட்டாராம்."

மறுநாள் காலை மனைவிக்குப் போன் போட்டேன். அங்கே ஒரு மேட்டின் மேல் ஏறினால்தான் சிக்னல். மகளும் கூட வந்து சரிவில் நின்றாள், புல்லைக் கிள்ளிக்கொண்டு.

"என்னங்க, சொல்லிட்டீங்களா?" என்றாள் மனைவி, எடுத்த எடுப்பில்.

"பயாலஜியே எடுக்கட்டும்."

சரிவில் புல் கிள்ளுவது நின்றுவிட்டது.

"உங்களுக்குக் காய்ச்சல் ஏதும் இருக்கா?" என்றாள் மனைவி.

"இல்லைம்மா. அவ சரியாத்தான் கேட்டிருக்கா. பயம்தான் பிரச்சினைன்னா அதை நான் பாத்துக்கறேன், எனக்கு அனுபவம் இருக்கு."

"போனை அவகிட்டக் குடுங்க."

கொடுத்தேன். வாங்குவதற்கு முன் மகள் என்னை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள், நான் ஏதாவது தமாஷ் செய்கிறேனா என்று. செய்யவில்லை. "அம்மா..." என்று தொடங்கினாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அம்மா, அப்பா நேத்து விசிலைக் கடிச்சுட்டு..." என்று ஆரம்பித்துச் சிரிப்பில் மாட்டிக்கொண்டாள்.

மேட்டில் ஒருவர் நிற்கத்தான் இடம். நான் இறங்கிக் கீழே நின்றுகொண்டேன். அவள் மேலே நின்று கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டே இருந்தாள்.