வளைவில் என் பங்கு

நான் ஒற்றைப் பலகையில் வெங்காயம் பரப்பி விற்ற இடத்தில் இன்று என் காய்கறிக் கடை நிற்கிறது. பின்னால் இருக்கும் குளிர் அறை நான் போட்டது. லாரிகள் வாங்கினேன், தோ பாயோவில் வீடு வாங்கினேன், பிள்ளைகளைப் பல்கலைக்கழகம் வரை படிக்க வைத்தேன். வாடகை ஏறியபோது ஓடிவிடுவான் என்றார்கள். பேரங்காடி வந்தபோது ஆள் தீர்ந்தான் என்றார்கள். சொன்னவர்களின் கடைகள்தான் இன்று இல்லை. பள்ளிக்கூடத்தில் நான் உட்கார்ந்த காலம் கொஞ்சம். சிராங்கூன் சாலையின் இந்த வளைவில் நின்று படித்ததுதான் படிப்பு.

அதனால்தான் சாலையைப் பற்றி வணிகர்கள் போடும் சிறப்பு மலருக்கு என்னை எழுதச் சொன்னார்கள். “இந்த ரோடு ஏன் இப்படி வளையுதுன்னு எழுதுங்க ஐயா” என்றார் மலரைத் தொகுக்கும் பெண். மாடுகள் நடந்த தடம் என்கிறார்கள் சிலர். பள்ளத்தைச் சுற்றிப் போட்டார்கள் என்கிறார்கள் வேறு சிலர். எது சரியோ, எனக்குத் தெரியாது. தாரில் கிடப்பது ஒரு வளைவு. ஜனங்கள் நடப்பது இன்னொரு வளைவு. இரண்டாவதைப் போட்டவர்கள் நாங்கள்.

கடைகளுக்கு முன்னால் கூரையின் கீழ் ஓடும் நடைபாதைக்கு ஐந்தடி என்று பெயர். அதில் பக்கத்துக் கடை ஒரு பெட்டியை வெளியே வைத்தால் நான் விடுவேனா? இரண்டு வைப்பேன். அவர் மூன்று வைப்பார். நடக்கிறவர்கள் எங்கள் பெட்டிகளைச் சுற்றிப் பாம்புபோல நெளிந்து போவார்கள். இந்த விஷயத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

வலப்பக்கம் கைலிக்கடை வைத்திருக்கும் பாய் மட்டும் ஒன்றும் வைக்க மாட்டார். அவர் வாசல் துடைத்துவிட்டதுபோல இருக்கும்.

“நடக்கறவங்க பாதைண்ணே. நம்ம அப்பன் வீட்டு இடமா?”

“இப்படி இருந்தா யாவாரம் எப்படிப் பெருகும் பாய்?”

“பெருகாட்டிப் போவுதுலா.”

ஐந்தடியில் சரக்கு நிற்கிறதா என்று அதிகாரிகள் சோதனைக்கு வந்தால் சாலை முனையிலேயே தெரிந்துவிடும். கடைக்குக் கடை “வர்றாங்க, வர்றாங்க” என்று சொல் ஓடிவரும். வெளியே இருப்பதையெல்லாம் உள்ளே இழுப்போம். இந்தப் பொங்கலுக்கு முன்பும் அப்படித்தான் சொல் வந்தது. உள்ளே பண்டிகைச் சரக்கு கூரையைத் தொட்டது, இம்மி இடமில்லை. பாய் மதியத் தொழுகைக்குப் போயிருந்தார். என் பெட்டிகளையும் கரும்புக் கட்டுகளையும் அவர் வாசலில் தள்ளினேன். காலியாக இருந்த ஒரே இடம் அதுதான்.

அதிகாரிகள் எங்கள் வளைவுவரை வரவேயில்லை. பக்கத்துச் சந்தில் திரும்பிவிட்டார்கள். உடனே சரக்கை எடுத்திருக்கலாம். கூட்டம் நின்றது, தராசை விட்டு நகர மனம் வரவில்லை. தொழுதுவிட்டு வந்த பாய், வழி அடைத்திருப்பதைப் பார்த்துச் சாலையில் இறங்கினார். வளைவில் பேருந்து திரும்பியது. பதறிப் பின்வாங்கியவர் சாக்கடை ஓரத்தில் விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது.

“இந்த வளைவே இப்படித்தான்லா” என்றது கூடிய கூட்டம். நானும் தலையாட்டினேன்.

பிறகு முருங்கைக்காயும் நல்ல கத்தரிக்காயும் எடுத்துக்கொண்டு, ஈசூனில் மகள் வீட்டில் இருந்த பாயைப் பார்க்கப் போனேன். மகள் பொரிந்து தள்ளினாள். “அந்த ரோடு ரொம்ப டேஞ்சர் அங்கிள். அத்தாவ இனிமே கடைக்கு அனுப்ப மாட்டேன். கடைய வேற ஆளுக்குக் குடுத்துடப் போறோம்.”

அவள் தேநீர் போட உள்ளே போனதும் பாய் என் பக்கம் திரும்பினார்.

“கரும்பு எல்லாம் வித்துச்சாண்ணே?”

“பாய்…”

“என் வாசல்ல அவ்வளவு சரக்கு எந்தப் பண்டிகைக்கும் நின்னதில்ல.” சிரித்தார். சிரிப்பு இடுப்பில் இழுத்து முகம் சுருங்கியது.

“மக கிட்ட ஏன் சொல்லல?”

“நீங்க சொல்லுவீங்கன்னு இருக்கேன்.”

தேநீர் வந்தது. குடித்தேன். நன்றாக இருக்கிறது என்றேன். வேறொன்றும் சொல்லாமல் ரயில் ஏறினேன். வாடகைக்கும் பேரங்காடிக்கும் அசையாத எனக்கு அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை.

இப்போது பெட்டிகளை உள்ளே இழுத்துவிட்டேன். வியாபாரம் குறைந்துதான் இருக்கிறது. பாயின் கடைக் கதவு இன்னும் பூட்டிக் கிடக்கிறது. அதன் வாசலில் யார் பெட்டி வைத்தாலும் நானே தூக்கி அப்பால் வைக்கிறேன்.

மலரில் வரப்போகும் பக்கத்தைக் காட்டினார்கள். எங்கள் வளைவின் படம், அடியில் ‘ஆபத்தான வளைவு’ என்று எழுத்து. மலர் போடுகிறவர்களே, அந்த எழுத்தை அழித்துவிடுங்கள். சாலை பாவம், கிடந்த இடத்தில் கிடக்கிறது. மாட்டுக்குப் பங்கு கொடுத்தீர்கள், பள்ளத்துக்குக் கொடுத்தீர்கள். எனக்குரியதை எனக்குக் கொடுங்கள். பாய் விழுந்தது காய்கறிக் கடைக்காரர் அடைத்த வழியால் என்று படத்துக்குக் கீழே போடுங்கள், என் கடைப் பலகையில் இருப்பதுபோலப் பெரிய எழுத்தில். முதல் பிரதி ஈசூனுக்குப் போகட்டும். பாயின் மகள் கடையைக் கொடுப்பதற்கு முன்னால் அதைப் படிக்க வேண்டும்.