அரண்மனை ஓட்டலில் என் மகளின் பால்

பன்னிரண்டு நாள் கழித்துப் போனால் என் மகள் மறுபடி என்னிடம் பால் குடிப்பாளா? மெல்பர்னில் விமானம் ஏறியதிலிருந்து இதற்குப் பதில் தெரியவில்லை.

மொராக்கோவின் ஃபெஸ் நகரத்தில், ஓட்டலாக மாற்றிய பழைய அரண்மனையில் தங்கியிருக்கிறோம். கணவரின் மாநாட்டுக்கு மனைவியரையும் அழைத்திருக்கிறார்கள். நான் வராவிட்டால் மரியாதையாக இருக்காது என்றார் அவர். எட்டு மாதக் கமலியை மெல்பர்னில், நாங்கள் இருக்கும் கிளேட்டன் பகுதியில், பக்கத்து வீட்டு அன்ரியிடம் விட்டிருக்கிறேன். “போட்டு வாங்கோ பிள்ளை, நான் பாக்கிறன்தானே” என்றார். அன்ரி வீட்டுத் தொலைபேசிக்கு டிரங்க் கால் பதிந்து இரண்டு நாளாகிறது; லைன் கிடைக்கவில்லை.

பழைய நகரத்தைச் சுற்றிக்காட்டக் கீழே கார் நிற்கிறது. நான் குளியலறையில், வலி தாங்காமல், பளிங்குத் தொட்டியில் பாலைப் பீய்ச்சி விடுகிறேன். துண்டு மாற்ற வந்த பணிப்பெண் வாசலிலேயே நின்றுவிடுகிறாள்.

“பேபி எங்கே, மதாம்?” அவளுக்குக் கொஞ்சம்தான் ஆங்கிலம்.

“வீட்டில். ஆஸ்திரேலியாவில்.”

அவள் தயங்கி, விரலால் மேலே காட்டுகிறாள். “பேபி போயிடுச்சா?”

“ஐயோ, இல்லை! நல்லா இருக்கா.”

அவள் நம்பவில்லை. பால் குடிக்கும் பிள்ளையை விட்டு ஒருத்தி ஊர் சுற்ற வருவாள் என்று அவளால் நினைக்க முடியவில்லை. என் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு, கண்களை மூடிப் பிரார்த்திக்கிறாள். வீட்டிலிருந்து ஒரு சேதியும் வராதபோது, நல்லா இருக்கிறாள் என்று நான் மட்டும் எப்படிச் சொன்னேன்?

கீழே ஹாரன் கேட்கிறது.

இந்தக் கடிதம் உங்கள் பத்திரிகையில் அச்சாவதற்குள் திரும்பியிருப்பேன். ஆனாலும், பிள்ளையைப் பிரிந்து போய்த் திரும்பிய தாய்மார் யாராவது எழுதுங்கள்: கமலி முகத்தைத் திருப்பிக்கொண்டால் நான் என்ன செய்ய வேண்டும்?