ரோசினேச்சி நடத்திய வெளியீட்டு விழா

பெலேம் நகரத்துக் குவாமா பேட்டையில் ரோசினேச்சியைப் பற்றி விசாரித்தால் இரண்டு அடையாளம் சொல்வார்கள். பஸ் டெப்போ கேன்டீனில் சமைக்கிறவள் என்பது ஒன்று. பாடகி சுலமீத்தாவின் ரசிகர் மன்றத் தலைவி என்பது இன்னொன்று. அவளிடமே கேட்டால் இரண்டாவதை மட்டும்தான் சொல்வாள்.

சுலமீத்தா பாடியது பிரேகா. காதலன் கைவிட்டுப் போனதையும் அவனை நினைத்துக் குடித்து அழுததையும் கொஞ்சமும் கூச்சமில்லாமல் உரக்கச் சொல்லி, கேட்கிறவர்களை ஆடவும் வைக்கிற பாட்டு. பெரிய மனிதர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். கல்யாண வீட்டில் முதல் ஆளாக எழுந்து ஆடுவதும் அவர்கள்தான். ரோசினேச்சி பள்ளிக்கூடம் முடிக்கும் முன்பே மன்றத்தில் சேர்ந்துவிட்டாள். ஒஸ்மரீனோவை அவள் பார்த்தது அங்கேதான். ஒரே சுவரில் ஒரே இடத்தில் இருவரும் போஸ்டர் ஒட்டப் போய் ஆரம்பித்த சண்டை, கல்யாணத்தில் போய் நின்றது.

அந்தக் கல்யாணம் பல வருஷம் தாக்குப்பிடித்தது. பிரிந்தபோது பாத்திரம் பண்டத்துக்கு இருவரும் சண்டை போடவில்லை. மன்றத்துக்குத்தான் போட்டார்கள். குவாமா பக்கத்து ஆட்கள் அவளுக்கு, ஆற்றோரத்து இக்கோராசி ஆட்கள் அவனுக்கு என்று கடைசியில் பாகம் பிரித்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு சுலமீத்தாவின் பிறந்தநாளன்று ஒரே ஊரில் இரண்டு கேக் வெட்டப்பட்டது. இரண்டிலும் ஒரு துண்டு அவள் வீட்டுக்குப் போகும். எது நன்றாக இருந்தது என்று எல்லாரும் மரியாதையாக 'டோனா' என்று கூப்பிட்ட அந்த அம்மாள் வாயைத் திறந்ததே இல்லை.

அப்புறம் சுலமீத்தா பாடுவதையே நிறுத்திவிட்டாள். காரணம் யாருக்கும் தெரியாது. சந்தைக்குப் பக்கத்தில் படுக்கைத் தூளி விற்கிற கடை ஒன்றை வைத்துக்கொண்டு, பாட்டைப் பற்றிப் பேச வந்தவர்களுக்கெல்லாம் தூளி விற்று அனுப்பினாள். ரோசினேச்சி வீட்டில் மட்டும் எட்டுத் தூளி சேர்ந்தது.

இப்படிப் பல வருஷம் போன பிறகு ஒருநாள், கேன்டீனில் பீன்ஸ் வெந்துகொண்டிருந்தபோது சுலமீத்தாவிடமிருந்து போன் வந்தது.

"ரோசினேச்சி, ஒரு ஆல்பம் பண்ணியிருக்கேன். என் அண்ணன் பையன் ஸ்டுடியோவுலதான். கம்பெனி கிம்பெனி எதுவும் கிடையாது. வெளியீட்டு விழாவ நீதான் பாத்துக்கணும்."

ரோசினேச்சி அடுப்பை அணைத்துவிட்டு, போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"ஒஸ்மரீனோவுக்கும் சொல்லியாச்சு" என்றாள் சுலமீத்தா. "ரெண்டு விழாவுக்கெல்லாம் வர எனக்குத் தெம்பு இல்ல. ரெண்டு பேரும் சேந்து ஒண்ணு நடத்துங்க."

ஒஸ்மரீனோ மறுநாள் கேன்டீனுக்கு வந்தான். தலைமுடி கொட்டி, தொப்பை போட்டிருந்தான். சட்டையில் மட்டும் பழைய மன்றத்துப் பேட்ஜ் குத்தியிருந்தது. ரோசினேச்சி ஒரு தட்டு மீனை அவன் முன்னால் வைத்தாள்.

"சனிக்கிழமை ராத்திரி வச்சுக்கலாம்" என்று அவன் ஆரம்பித்தான். "பெரிய ஹாலாப் பிடிச்சு, விடியவிடிய ஆட்டம்."

"யாரு ஆடுறது? நம்ம ஆளுங்க ஒன்பது மணிக்கெல்லாம் பிரஷர் மாத்திரை போட்டுட்டுப் படுத்துடுறாங்க. போன தடவ கேக் வெட்டினப்ப நின்னுட்டிருந்த பாதிப் பேருக்கு முழங்கால் வலி."

"அப்ப ஞாயித்துக்கிழமை மத்தியானம்."

"மத்தியானம் மழை வரும். நாலு மணிக்கு ஃபுட்பால் மேட்ச் வேற. ஊர்ல ரெண்டு டீமும் மோதுற அன்னிக்கு நீ விழா வச்சா நானே வரமாட்டேன்."

"சரி, நீயே சொல்லு மகராணி."

"ஞாயித்துக்கிழமை காலையில."

அவன் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தான். "காலையில பிரேகாவா? காதல் தோல்விய பல்லு வௌக்கிட்டுப் பாடுற ஆள நான் பாத்ததே இல்ல."

"வயசானவங்களுக்குக் காலையிலதான் அழுகை வரும். எனக்குத் தெரியாதா?"

காலை என்று முடிவானது. பதிலுக்கு ஒரு யோசனை சொன்னான். அவனுக்குத் தெரிந்த ஃபிர்மீனோ என்பவரிடம் ஒரு படகு இருந்தது, இரண்டு தட்டுப் படகு. மேல்தட்டில் ஒலிபெருக்கியையும் கீழ்த்தட்டில் நாற்காலியையும் போட்டுக்கொண்டு காலையில் கிளம்பினால், எதிர்க்கரைத் தீவுக்குப் போய்விட்டு மேட்சுக்கு முன்னால் திரும்பிவிடலாம். ஆற்றுக்காற்றில் யாருக்கும் மயக்கமும் வராது. யோசனை நன்றாகத்தான் இருந்தது. நன்றாயிருக்கிறது என்று அவள் வாயால் சொல்லவில்லை. இன்னொரு மீனை எடுத்து அவன் தட்டில் வைத்தாள்.

போஸ்டர் வேலையை டெப்போ டிரைவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். குவாமா வழியாகப் போகிற எல்லா பஸ்ஸின் பின்கண்ணாடியிலும் சுலமீத்தா சிரித்தாள். அதில் இருந்தது பழைய படம்தான். புதுப்படம் எடுக்க அவள் சம்மதிக்கவில்லை.

விழாவுக்கு முந்தின வாரம் ரோசினேச்சியைத் தன் கடைக்கு வரச் சொன்னாள் சுலமீத்தா. தொங்கிக்கொண்டிருந்த தூளிகளுக்கு நடுவே இருவரும் உட்கார்ந்தார்கள். சுலமீத்தா தன் போனில் ஒரு பாட்டை ஓடவிட்டாள். ரோசினேச்சி கண்ணை மூடிக்கொண்டு, அந்தக் குரல் உச்சத்துக்கு ஏறப்போகும் இடத்துக்காகக் காத்திருந்தாள். அது ஏறவே இல்லை. அடித்தொண்டையிலேயே, கரகரவென்று, நடந்து போகிற ஆளைப் போல நிதானமாகப் போய் முடிந்தது.

"பிடிக்கலையா?" என்றாள் சுலமீத்தா.

"தெரியல, டோனா. வேற யாரோ பாடுற மாதிரி இருக்கு."

"தொண்டையில ஆபரேஷன் பண்ணாங்க. அதுக்கப்புறம் மிஞ்சினது இந்தக் குரல்தான். யார்கிட்டயும் சொல்ல மனசு வரல." பக்கத்திலிருந்த தூளியின் குஞ்சத்தை அவள் நீவிவிட்டாள். "விழாவுக்கு வர்றேன். கையசைக்கிறேன். ரெண்டு பாட்டு போடுங்க. தீவு வந்ததும் நான் எறங்கிடுவேன், அண்ணன் பையன் அங்க நிப்பான். என்னைப் பாடச் சொல்லக் கூடாது. அவங்க மூஞ்சி மாறுறத என்னால பாக்க முடியாது."

ரோசினேச்சி சரி என்று தலையாட்டினாள். பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பும்போது, யாரோ செத்துப்போன வீட்டிலிருந்து வருவது போல அவளுக்கு இருந்தது. அப்படி நினைத்ததற்குத் தன்மேலேயே கோபமும் வந்தது. அந்த அம்மாள்தான் கல்லுக்குண்டு மாதிரி உட்கார்ந்திருக்கிறாளே.

ஞாயிற்றுக்கிழமை படித்துறையில் கூட்டம் அலைமோதியது. குவாமா ஆட்களும் இக்கோராசி ஆட்களும் ஆளுக்கொரு பக்கமாக உட்கார்ந்து ஒருவரையொருவர் நோட்டம் விட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் வந்தாயிற்று, சுலமீத்தாவைத் தவிர. ஃபிர்மீனோ, கடலைப் போல ஏறி வடிகிற அந்த ஆற்றை எட்டிப் பார்த்து, "தண்ணி வத்துது, கிளம்பணும்" என்றார். "இன்னும் கொஞ்ச நேரம்" என்றாள் ரோசினேச்சி. "கிளம்பித்தான் ஆகணும்" என்று அவர் மறுபடி சொன்னார். "நட்சத்திரம் இல்லாம எப்படிய்யா கிளம்புறது?" என்று அவர்மேல் பாய்ந்தான் ஒஸ்மரீனோ. சுலமீத்தா வந்து சேர்ந்தபோது தலையில் ஒரு விக், மூக்கில் பெரிய கறுப்புக் கண்ணாடி. விக் சரியாக உட்கார நேரமாகிவிட்டதாம்.

பாதி வழியில், யாரோ அடியில் கை கொடுத்துத் தாங்கிக்கொண்டது போலப் படகு மெத்தென்று நின்றது. பிறகு லேசாக ஒரு பக்கம் சாய்ந்தது. நாற்காலிகள் சறுக்கின. ஃபிர்மீனோ இஞ்சினை நிறுத்தினார்.

"மணல்திட்டு."

"எப்ப கிளம்பும்?" என்றாள் சுலமீத்தா.

"தண்ணி ஏறினா கிளம்பும். சாயங்காலம் ஏறும்."

"எறங்கி நடந்து போயிட்டா?"

"சேறு, டோனா. இடுப்பு வரைக்கும் முழுங்கும்."

சுலமீத்தா முகத்தைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, படகின் முன்பக்கத்தில் இருந்த சோற்றுப் பானைகளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். மற்றவர்கள் வேறு வழியில்லாமல் ஆல்பத்தை ஓடவிட்டார்கள். முதல் பாட்டுக்கு ஆட எழுந்தவர்கள் மறுபடி உட்கார்ந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசிப் பாட்டு முடிந்ததும் மரியாதைக்குக் கைதட்டினார்கள். ரோசினேச்சி வறுத்த மீன், மரவள்ளி மாவு, அசாயிப் பழக் கூழ் எல்லாவற்றையும் முன்கூட்டியே பரிமாறச் சொல்லிவிட்டாள். வாய் நிறைந்திருந்தால் யாரும் எதுவும் பேசமாட்டார்கள் என்பது அவள் கணக்கு.

சாப்பாட்டுக்குப் பிறகு, செய்வதற்கு ஒன்றும் இல்லாததால் ஆல்பம் மறுபடி ஓடியது. ரோசினேச்சியின் டெப்போவில் ஜுராந்தீர் என்றொரு டிரைவர் இருந்தார், மலை மாதிரி ஆள். சாய்ந்திருந்த தூணில் முதுகைக் கொடுத்துக்கொண்டு அவர் மெல்ல முணுமுணுத்தார். அப்புறம் வாயைத் திறந்தே பாட ஆரம்பித்தார்.

"என்ன ஜுராந்தீர், உனக்குப் பாட்டெல்லாம் வருமா?" என்றான் ஒஸ்மரீனோ.

"இத்தன வருஷமா இந்தம்மா பாட்டுக்கு நான் வாய மட்டும்தான் அசைச்சேன். அந்த உச்சிக்கு என் தொண்டை எங்க போகும்? இப்பத்தான் எட்டுது."

அவர் சொன்னது இன்னொருவருக்கும் பொருந்தியது. அவருக்குப் பக்கத்தில் இருந்தவருக்கும். பெண்கள் பாட, பக்கத்தில் கைதட்டி மட்டுமே பழகியிருந்த ஆண்களெல்லாம் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள். குவாமாவும் இக்கோராசியும் கலந்து போயின. சாய்ந்த தட்டில் நிற்பதற்காக ஆளை ஆள் பிடித்துக்கொண்டதில் அது பாதி ஆட்டமாகவும் ஆகிவிட்டது. ஆனால் ஜுராந்தீர் சரணத்தை ஒவ்வொரு தடவையும் தப்பாகவே இழுத்தார். அவரைக் கேட்டு எல்லாரும் தப்பாகவே இழுத்தார்கள்.

மூன்றாவது தடவை அது நடந்தபோது சுலமீத்தா எழுந்துவிட்டாள். "யாரது, அந்த எடத்த இப்படிக் கொல பண்றது?" என்று கேட்டுக்கொண்டே வந்து, யாரோ ஜுராந்தீருக்குக் கொடுத்திருந்த மைக்கைப் பிடுங்கினாள். "இங்க நீட்டக் கூடாது. மடிக்கணும். கேளு." பாடிக் காட்டினாள். ஜுராந்தீர் திரும்பப் பாடினார். "நாசமாப் போச்சு" என்று சொல்லி மறுபடி பாடிக் காட்டினாள். அப்புறம் யாருக்கும் திருத்தம் தேவைப்படவில்லை. ஆனாலும் அவள் மைக்கைத் திருப்பிக் கொடுக்கவில்லை. வெயிலுக்கு விக்குக்குள் தலை வியர்த்தது. அதைக் கழற்றிப் பானை மூடிமேல் வைத்துவிட்டு, நரைத்த கிராப்போடு மீதி ஆல்பத்தையும் பாடினாள்.

ரோசினேச்சி மீன்சட்டியைக் கையில் பிடித்தபடி நின்ற இடத்திலேயே நின்றாள். பழைய குரல் எங்கே என்று காது தேடுவதை எந்த இடத்தில் விட்டதென்று அவளுக்குத் தெரியவில்லை.

பாட்டு ஓய்ந்ததும் சுலமீத்தா அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "இப்ப சொல்லு. பிடிச்சுதா?"

"மூணாவது பாட்டு பிடிக்கல, டோனா. மத்ததெல்லாம் பிடிச்சிருக்கு."

சுலமீத்தா வயிறு குலுங்கச் சிரித்தாள். "எனக்கும் அது பிடிக்கல. அண்ணன் பையன் எழுதினது."

மேட்ச் போனது போனதுதான். ரேடியோவில் கேட்டார்கள். கோல் எதுவும் விழாமலே முடிந்ததால் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. சாயங்காலம் தண்ணீர் ஏறி, படகு தானே நிமிர்ந்தது. சாய்ந்த படகில் ஊரே பாடுகிற வீடியோவை யாரோ போனில் எடுத்திருந்தார்கள். அடுத்த வாரமே அந்தப் பாட்டு ஒலிக்காத சலூன் பெலேமில் இல்லை. சுலமீத்தா இப்போது மாதம் ஒரு தடவை பாடுகிறாள், காலை நேரத்தில், நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு. கூட்டத்தில் ஆண்கள்தான் அதிகம்.

மன்றங்கள் இரண்டும் ஒன்றாகவில்லை. தலைவர் யார் என்பது முடிவாகாமல் அப்படியே நிற்கிறது. ஆனால் ஒஸ்மரீனோ வாரத்தில் இரண்டு நாளாவது கேன்டீனில்தான் சாப்பிடுகிறான்.

"தண்ணி வத்துதுன்னு அந்த மனுஷன் சொன்னாரு, நீதான் கேக்கல" என்பான்.

"அவர் மேல பாஞ்சது யாரு? நானா?" என்பாள் ரோசினேச்சி, அவன் தட்டில் மீனை வைத்துக்கொண்டே.