எங்கள் வீட்டுக் காற்றுச் சுத்தியல்

எண்பத்து நான்கோ ஐந்தோ, சரியாக நினைவில்லை. என் கணவர் வீட்டுக் கொட்டிலுக்கு ஒரு காற்றுச் சுத்தியல் வாங்குவதென்று முடிவெடுத்தார். எந்தச் சுத்தியல் என்று தெரிவு செய்ய அவருக்கும் அவருடைய தமையனுக்கும் நான்கு மாதம் பிடித்தது. என்னைப் பெண் பார்க்க வந்து சம்மதம் சொல்ல இதே இருவருக்கும் ஒரு பின்னேரம் போதுமாயிருந்தது.

நாங்கள் அப்போது சண்டிலிப்பாயில் இருந்தோம். நான் பக்கத்தூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணிதம் படிப்பித்தேன். அவர் ஒரு கந்தோரில் கட்டட வரைபடம் கீறுபவர். வேலையால் வந்து காற்சட்டையைக் கழற்றிச் சாரத்தைக் கட்டினால் கொட்டிலுக்குள் போய்விடுவார். அங்கே அவருடைய தகப்பனாரின் பழைய கார் எட்டு வருடமாகக் கற்களின் மேல் நின்றது. மேலிருந்து பார்த்தால் கார். கதவைத் திறந்தால் துருப்பிடித்த அடித்தகட்டின் ஓட்டைகளுக்குள்ளால் நிலம் தெரியும். அந்தத் தகட்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத்தகடு ஒட்ட வேண்டும். கையுளியும் சாதாரணச் சுத்தியலும் எடுத்து ஒரு மாதம் குந்தியிருந்து தட்டியிருந்தாலே வேலை முடிந்திருக்கும். ஆனால் டயர்க்கடையை மூடிய ஒருவரிடமிருந்து, காற்றை அமுக்கி அடைக்கும் ஒரு சிறிய கொம்பிரசரை இவர் வாங்கி வைத்திருந்தார். கொம்பிரசர் இருந்தால் காற்றில் ஓடும் சுத்தியலும் இருக்கத்தானே வேண்டும்? கைத்துப்பாக்கி மாதிரிப் பிடியும் விசையும் உள்ள சாமான் அது. விசையை அழுத்தினால் முனையில் மாட்டிய உளி படபடவென்று அடித்துத் தகட்டை வெட்டிக்கொண்டு போகும்.

தமையனை, அதாவது என் அத்தானை, இந்த விஷயத்தில் கேட்காமல் ஒன்றும் செய்ய முடியாது. அவர் ஏழு வருடம் கப்பலில் இருந்தவர். எதைக் கதைத்தாலும் "நாங்கள் கப்பலிலை" என்றுதான் தொடங்குவார். கப்பலில் அவர் வேலை செய்தது குசினியில், சமையற்காரருக்கு உதவியாளாக. இயந்திர அறைக்குத் தேத்தண்ணி கொண்டுபோன வகையில்தான் அவருக்கு இயந்திரங்களோடு பழக்கம்.

"நாங்கள் கப்பலிலை துரு அடிக்கிறது பெரிய சுத்தியலாலை. சின்னன் எல்லாம் விளையாட்டுச் சாமான், தம்பி," என்பார்.

இவர் தலையாட்டுவார். எங்கிருந்தோ எடுத்து வந்த ஆங்கில விலைப்புத்தகத்தைச் சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்து, ஒரு நிமிடத்துக்கு எத்தனை அடி அடிக்கும் என்று எனக்கு வாசித்துக் காட்டுவார். அதே பக்கத்தில் அதே எழுத்தில், அது எவ்வளவு காற்றுக் குடிக்கும் என்றும் போட்டிருந்தது. அந்த வரியை மட்டும் இருவரும் வாசிக்கவில்லை.

ஒரு நாள் நான் கொட்டிலுக்குப் போய்க் கொம்பிரசரில் அடித்திருந்த, அது தரும் காற்றின் அளவு எழுதிய தகட்டைப் பார்த்துக் கணக்குப் போட்டேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போடும் கணக்கு.

"இஞ்சாருங்கோ, நீங்கள் பாத்து வைச்சிருக்கிற பெரிய சுத்தியலுக்கு வேணுமான காத்திலை பாதிகூட உது தராது. சின்னனுக்கு எண்டால் உந்தக் காத்துக் காணும்."

இவர் அத்தானைப் பார்த்தார். அத்தான் சிரித்தார். "பள்ளிக்கூடக் கணக்கு வேறை, இரும்பு வேறை, பிள்ளை," என்றார். அத்தோடு என் கணக்கு முடிந்தது.

சாமான் வல்வெட்டித்துறையில் ஒரு வியாபாரியிடம் இருப்பதாகக் கேள்விப்பட்டு, ஒரு சனிக்கிழமை வான் பிடித்துப் போனார்கள். சந்நிதிக் கோயிலுக்குப் போகிற சாட்டில் நானும் ஏறிக்கொண்டேன். வியாபாரி அதிகம் கதைக்காத மனிதர். சாக்கை விரித்துப் பெரியதொன்றும் சிறியதொன்றுமாக இரண்டு சுத்தியல்களை வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"உங்களிட்டை என்ன கொம்பிரசர் நிக்குது?"

இவர் சொன்னார்.

"அப்ப சின்னனைக் கொண்டு போங்கோ."

அத்தானுக்கு முகம் கறுத்துவிட்டது. விற்க முடியாத சாமானைத் தள்ளப் பார்க்கிறான் என்று இவருடைய காதுக்குள் சொன்னார். அந்த மனிதர் தலையை நிமிர்த்தும் அளவுக்குச் சத்தமான இரகசியம். பெரியதை வாங்கினார்கள். நாலு மாதம் யோசித்தவர்கள் முன்னால் இரண்டு நிமிடம் யோசித்த நான் என்ன சொல்ல?

திரும்பும் வழியில், பாலத்தடியில், ஆமிக்காரர் வானை மறித்தார்கள்.

எல்லோரையும் இறக்கி வரிசையாக நிற்க வைத்தார்கள். ஒரு இளம் சிப்பாய் சாக்கைப் பிரித்தான். பிடியும் விசையும் குழலுமாக அதைக் கண்டதும் ஒரு அடி பின்னால் போய் ஏதோ கத்தினான். மற்றவர்களுடைய துவக்குகள் எங்கள் பக்கம் திரும்பின. வானில் வந்த ஒரு கிழவி வாய்க்குள் தேவாரம் சொல்லத் தொடங்கினாள்.

"ஆருடையது?" கொஞ்சம் தமிழ் தெரிந்த ஒருவர் கேட்டார்.

முதலில் வாய் திறந்தவர் அத்தான். "என்ரையில்லை, ஐயா. உவன்ரை. நான் சும்மா வானிலை வந்தனான்."

உவன். சொந்தத் தம்பியை, விரல் நீட்டி.

இவர் ஒரு அடி முன்னால் வந்தார். சட்டைப்பையிலிருந்து விலைப்புத்தகப் பக்கத்தை எடுத்து, மெதுவாக விரித்து, படத்தையும் சாமானையும் மாறி மாறிக் காட்டினார். "கார். தகடு. வெட்ட," என்றார். படத்தை ஒருவர் கையிலிருந்து மற்றவர் வாங்கிப் பார்த்தார்கள். கடைசியில் அந்தத் தமிழ் தெரிந்தவர் சுத்தியலை எடுத்து, முனையை நிலத்தை நோக்கிப் பிடித்து விசையை அழுத்திப் பார்த்து, ஒன்றும் நடக்காததால் திருப்பிக் கொடுத்தார். போகச் சொன்னார்கள்.

சண்டிலிப்பாயில் இறங்கியதும் அத்தான், "நான் அப்பிடிச் சொன்னபடியால்தான் கெதியா விட்டவங்கள்," என்றார். நான் அவருடைய முகத்தை நேராகப் பார்த்தேன். அன்றைக்கு அவருக்குத் தேத்தண்ணி ஊற்றவில்லை. அதற்குப் பிறகும் நெடுநாள் ஊற்றவில்லை.

இதற்குப் பிறகாவது என் கணவர் திருந்தியிருப்பார் என்று நினைத்தேன். ஞாயிறு காலை அதே தமையனைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு குழாயைப் பூட்டினார். கொம்பிரசர் உறுமி நிரம்பியது. விசையை அழுத்தினார். டக், டக், டக். பிறகு இழுப்பு வந்த கிழவன் மாதிரி ஒரு பெருமூச்சு. மறுபடியும் நிரம்பக் காத்திருந்தார்கள். மறுபடியும் டக், டக், டக். பத்து நிமிடம் நிரப்பி மூன்று அடி. தகட்டில் நகம் பட்ட அளவுக்குக்கூட அடையாளமில்லை.

"குழாய் மெல்லிசு," என்றார் அத்தான். மதியம் கறண்ட் காணாது என்றார். பின்னேரம் எண்ணெய் விடச் சொன்னார். மறுநாள் உளியில் பிழை பிடித்தார். அடுத்த நாள் வரவில்லை.

மூன்றாம் நாள் இவர் கொட்டில் வாசலில் சும்மா இருந்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"உம்மடை கணக்குச் சரிதான்," என்றார்.

"அது எனக்கு முதலே தெரியும். உதைக் கழட்டித் துண்டு துண்டாத் தாங்கோ. நான் கொண்டுபோய் மாத்திக்கொண்டு வாறன்."

"திரும்பவும் அந்தப் பாலத்தடியாலையோ? வேண்டாம்."

"துவக்கு மாதிரித் தெரியாமல் கழட்டுங்கோ. கழட்டவாவது உங்களுக்குத் தெரியும்தானே?"

கொஞ்சம் கொடூரமாகத்தான் சொன்னேன். ஆனால் அது அவருக்கு உண்மையிலேயே தெரியும். அரை மணித்தியாலத்தில் பிடி வேறு, குழல் வேறு, உள்ளே ஓடி அடிக்கும் இரும்புத்துண்டு வேறு என்று பிரித்து எண்ணெய் துடைத்துத் தந்தார். பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு, இரண்டு பைகளில் அதை வைத்துத் தனியே பஸ்ஸில் போனேன். பாலத்தடியில் பஸ்ஸை நிறுத்தி ஏறிப் பார்த்த சிப்பாய் என் பையை விரலால் விலக்கிவிட்டு அப்பால் போனான்.

நான் கணித ரீச்சர் என்றும் கொம்பிரசரின் காற்றுக் கணக்கை முதலே போட்டிருந்தேன் என்றும் சொன்னேன். வியாபாரி துண்டுகளை எண்ணிப் பார்த்துவிட்டுச் சிறியதை எடுத்து வைத்தார்.

"ரீச்சர், உந்தக் கணக்கை நீங்கள் வீட்டிலை சொல்லேல்லையே?"

"சொன்னனான். சொன்னது பொம்பிளை."

அவர் முதல் தடவையாகச் சிரித்தார். இரண்டு உளிகள் மேலதிகமாகத் தந்தார். மீண்டும் பூட்டக்கூடிய மாதிரிச் சிறியதையும் கழற்றியே கட்டித் தந்தார்.

சிறிய சுத்தியல் அந்த அடித்தகட்டை இரண்டு சனி ஞாயிறுகளில் வெட்டி முடித்தது. காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு நான்தான் தகட்டின் மற்ற நுனியைப் பிடித்தேன். கார் அந்த வருடமே ஓடியது. முதல் ஓட்டத்துக்கு அத்தான் முன் இருக்கையில் ஏறி இருந்தார். வழியில் சந்தித்தவர்களிடம் கண்ணாடியை இறக்கி, "பெரிய சுத்தியல் வாங்கக் கூடாது. நாங்கள் கப்பலிலை எப்பவும் சின்னன்தான் பாவிச்சனாங்கள்," என்று விளக்கினார். என் கணவர் காரை நகர்த்தினார். பின் இருக்கையிலிருந்து நான் உரக்கச் சிரித்தேன். அத்தான் திரும்பிப் பார்க்காமல் கண்ணாடியை ஏற்றினார்.