நூறாவது ஊதல்

பட்டறையில் அவருக்குக் கொம்புக்காரர் என்று பெயர். வைத்தவன் வெல்டர். ஒரு நாள் மத்தியானம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் இவர் மட்டும் லேத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். முடி பொசுங்கின மாதிரி ஒரே நாற்றம். வெல்டர் எழுந்து போய் எட்டிப் பார்த்தான். லேத்தின் பிடிவாயான சக்கில் ஆறு மில்லி துளைக்கம்பி சுற்றிக்கொண்டிருக்க, துணி சுற்றிய ஆட்டுக்கடாக் கொம்பு ஒன்றை இவர் கையால் பிடித்து அதன் நுனியை மெல்ல மெல்ல உள்ளே கொடுத்துக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணே, கறிக்கடை வச்சுட்டீங்களா?"

"எக்காளம்டா. நீ போய் உன் வெல்டிங்கைப் பாரு."

"முதலாளி பார்த்தார்னா உங்க தலையிலயும் ரெண்டு முளைக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அப்போது அவருக்குக் குரல் இருந்தது.

முப்பது வருஷமாக லேத்தில் நின்ற ஆள். அளவு விஷயத்தில் அப்பனுக்கும் விட்டுக்கொடுக்கமாட்டார். வீட்டில் அவரும் மனைவியும்தான், பிள்ளை இல்லை. மனைவி ஒரு சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். முழங்கைக்குக் கீழே பழைய சூட்டுத் தழும்பும் புதுச் சூட்டுத் தழும்புமாக வரிவரியாக இருக்கும். புருஷனோடு சபைக்குப் போவாள், பாட்டு வந்தால் பாடுவாள், மற்ற நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

சபை என்றால் கோபுரமும் மணியும் வைத்த சர்ச் இல்லை. டயர் கடைக்கு மேலே ஒரு நீள அறை, நாற்பது பிளாஸ்டிக் நாற்காலி. மற்ற சபைக்காரர்கள் கொண்டாடுகிற எதையும் இவர்கள் கொண்டாடுவதில்லை. கர்த்தர் மோசேக்குக் கொடுத்த ஏழு பண்டிகைதான் பண்டிகை என்பது போதகரின் கட்சி. போதகர் இவரைவிடப் பத்து வயது சின்னவர். நில அளவை ஆபீசில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தவர். அந்தக் கைப்பழக்கம் போகாமல், அறையின் ஒரு சுவர் முழுக்க நீளக் காகிதம் ஒட்டி, உலகம் உண்டானதிலிருந்து இன்று வரை ஐம்பது ஐம்பது வருஷமாகக் கோடு கிழித்து வைத்திருந்தார். ஒவ்வொரு கோடும் ஒரு யூபிலி. அடிமைக்கு விடுதலை, இழந்த நிலம் திரும்பிக் கைக்கு வருவது எல்லாம் அந்த ஐம்பதாம் வருஷத்தில்தான்.

அவர் கணக்கு இதுதான். ஏழு பண்டிகையில் முதல் நாலும் ஆண்டவர் முதல் தடவை வந்தபோது நிறைவேறிவிட்டன. பஸ்காவில் சிலுவை, புளிப்பில்லாத அப்பத்தில் அடக்கம், முதற்பலனில் உயிர்ப்பு, பெந்தெகொஸ்தேயில் ஆவி. பாக்கி மூன்று: எக்காளம், பாவநிவிர்த்தி, கூடாரம். ஆகவே அவர் திரும்பி வருவது எக்காளப் பண்டிகையில். எந்த வருஷம்? யூபிலி வருஷம். சுவரில் கடைசிச் சிவப்புக் கோடு விழுந்திருந்தது இந்த வருஷத்தில்.

"நாளும் நாழிகையும் யாருக்கும் தெரியாதுன்னு சொல்லியிருக்கே பாஸ்டர்?" என்று ஒருவர் கேட்டதற்கு, போதகர் சிரித்துக்கொண்டே, "பிறை தெரிஞ்சாத்தான் அந்தப் பண்டிகை ஆரம்பம். ரெண்டு நாள்ல எந்த நாள் தெரியும்னு யாருக்குத் தெரியும்? நாள் தெரியாதுன்னாரே தவிர வருஷம் தெரியாதுன்னாரா?" என்றார்.

அந்தப் பண்டிகையில் கொம்பை நூறு தடவை ஊத வேண்டும். நீட்டி ஒன்று, உடைத்து மூன்று, பொடியாக ஒன்பது என்று மாற்றி மாற்றி. நூறாவது மட்டும் மூச்சு உள்ளவரை இழுத்து ஊதுவது. கடைசி எக்காளம் தொனிக்கும்போது மரித்தவர்கள் எழுந்திருப்பார்கள் என்று எழுதியிருக்கிறதல்லவா, அந்தக் கடைசி எக்காளம் இந்த நூறாவதுதான் என்றார் போதகர்.

சபையில் கொம்பு ஊதத் தெரிந்தது ஒரே ஆளுக்குத்தான். மற்றவர்கள் ஊதினால் காற்று வரும், எச்சில் வரும், சத்தம் வராது. ஆகக் கல்லறை திறக்கிற ஊதல் தன் வாயிலிருந்துதான் வரப்போகிறது. இதை அவர் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் அந்த வருஷம் முழுக்க, அளவு பார்க்கிற வெர்னியரைப் பிடித்த கையில்கூட ஒரு மிடுக்கு இருந்தது.

குரல் கம்மியது வெயில் காலத்தில். பட்டறைத் தூசி என்றிருந்தார். நாலு மாதம் ஆகியும் தெளியாமல், எச்சிலில் சிவப்பு தெரிந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார். அன்றைக்குச் சலவைக் கடையில் மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. தனியாகத்தான் போனார். மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள், சதை கிள்ளிச் சோதனைக்கு அனுப்பினார்கள், ஒரு வாரம் கழித்து வரச்சொன்னார்கள். டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை.

"புற்றுநோய்ங்க. குரல்வளையை மொத்தமா எடுத்துடணும். இப்ப எடுத்தா பிழைச்சுக்குவீங்க. கழுத்துல இங்க ஒரு ஓட்டை வைப்போம், மூச்சு அது வழியா போய் வரும். அடுத்த செவ்வாய்க்கிழமை தேதி இருக்கு."

"பேச்சு?"

"அதுக்கு வழி இருக்கு. பழகிக்கலாம்."

"ஊத முடியுமா?"

"எதை?"

"கொம்பு."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். "வாய்க்குக் காத்தே வராதுங்க. மெழுகுவத்தியைக்கூட அணைக்க முடியாது."

மடியில் விரல் மடக்கி எண்ணினார். எக்காளப் பண்டிகைக்குப் பத்து வாரம் இருந்தது.

"பத்து வாரம் கழிச்சுப் பண்ணிக்கிறேனே."

"அப்படி என்ன விசேஷம்? வீட்டுல கல்யாணமா?"

"ஒரு விசேஷம்."

"உங்க விசேஷத்துக்காக அது வளராம நிக்காதுங்க."

நிற்க வேண்டியதில்லை என்பது அவர் எண்ணம். பத்து வாரம் கழித்து இந்த உடம்பே இருக்காது. ஆண்டவர் வந்ததும் கண் இமைக்கிற நேரத்தில் புது உடம்பு. ஒரு வார்த்தை போதகரிடம் மட்டும் சொன்னார். போதகர் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு கண்ணீர்விட்டு ஜெபித்தார். அப்புறம், "உங்களை விட்டா ஊதுறதுக்கு ஆள் இல்லை அண்ணே" என்றார். போதகர் ஏமாற்றுக்காரர் இல்லை. தான் சொன்னதை முழுக்க நம்பினவர். அதுதான் வினை.

மனைவியிடம், "தொண்டையில புண்ணாம். மாத்திரை கொடுத்திருக்காங்க" என்றார். அவள் நம்பினாள். வேலை விட்டு வந்து தினமும் வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். அவர் வலி மாத்திரையை விழுங்கிவிட்டு, சபை அறைக்குப் போய் ஊதிப் பழகினார். ஊதி முடித்ததும் கொம்பின் வாயைக் கைக்குட்டையால் துடைத்து, கைக்குட்டையைப் பட்டறைக் குப்பையில் போட்டுவிடுவார்.

பண்டிகைக்குப் பன்னிரண்டு நாள் இருந்தபோது குட்டு உடைந்தது. ஆஸ்பத்திரிச் சீட்டில் அவசரத்துக்கு என்று மச்சானின் போன் நம்பரைத்தான் கொடுத்திருந்தார். மச்சான் பஸ் டிரைவர், மனைவியின் தம்பி. வராத நோயாளியைத் தேடி ஆஸ்பத்திரியிலிருந்து அவனைக் கூப்பிட்டுவிட்டார்கள். காக்கிச் சட்டையோடு நேரே வீட்டுக்கு வந்தான்.

"மச்சான், உங்க தொண்டையில என்ன இருக்கு?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மச்சானே அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் சுவரோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"வெந்நீர் வச்சுக் கொடுத்தேனேங்க" என்றாள். "தினமும் வெந்நீர் வச்சுக் கொடுத்தேனே."

"இன்னும் பன்னிரண்டு நாள்தான்" என்றார் கரகரத்த குரலில். "அப்புறம் எல்லாம் சரியாயிடும்."

மச்சான் தலையில் அடித்துக்கொண்டான். "சரி மச்சான், உங்க ஆண்டவர் வரட்டும், நான் வேண்டாங்கலை. நீங்க ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்திருந்தா உங்களை விட்டுட்டா போயிடுவார்? கழுத்துல ஓட்டை உள்ளவங்க எல்லாம் இறங்கிக்குங்கன்னு சொல்றதுக்கு அவரு என்ன, என்னோட கண்டக்டரா?"

இதற்குப் பதில் மனைவியிடம் இருந்தது.

"அவர் வரணும்னு இல்லைடா தம்பி இவருக்கு" என்றாள். "இவர் ஊதி அவர் வரணும்."

சுருக்கென்று தைத்தது. எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அந்தப் பன்னிரண்டு நாளும் வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை. ஆனாலும் அவருடைய வெள்ளைச் சட்டையை அவள் தேய்த்து மடித்து வைத்தாள்.

முதல் நாள் சாயங்காலம் மேகம். பிறை தெரியவில்லை. இரண்டாம் நாள் பொழுது சாய்ந்ததும் நகம் வெட்டிப் போட்ட மாதிரி ஒரு கீற்று தெரிந்தது. டயர் கடை மொட்டைமாடியில் நாற்பது பேரும் வெள்ளை உடுத்தி நின்றார்கள். அவர் ஊதினார். இருபதில் வாயில் இரும்பு ருசி வந்தது. அறுபதில் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டார். தொண்ணூற்றொன்பதை முடித்துவிட்டு மனைவியைத் தேடினார். எல்லோரும் கண்ணை மூடிக் கையை உயர்த்தியிருக்க, அவள் ஒருத்திதான் கண்ணைத் திறந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நூறாவதை ஊதினார். உயிரைக் கொடுத்து இழுத்தார். வானம் கறுத்துக்கொண்டே போனது, மூச்சும் தீர்ந்துகொண்டே போனது. தீர்ந்துவிட்டது.

யாரும் கையை இறக்கவில்லை. கீழே ஒரு லாரி பின்னுக்கு எடுக்கிற சத்தம். "மேல யாருய்யா அது, காது கிழியுது" என்று டயர் கடைக்காரர் கத்தினார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு குழந்தை, "அம்மா, பசிக்குது" என்றது. அதற்கப்புறம்தான் ஒவ்வொருவராகக் கையை இறக்கினார்கள்.

மறுநாளே போதகர் வீட்டுக்கு ஓடி வந்தார். "அண்ணே, நான் ஒரு மடையன். யூபிலி எக்காளம் ஊதறது பண்டிகை அன்னைக்கு இல்லை. பத்தாம் நாள், பாவநிவிர்த்தி நாள்ல. வெட்டவெளிச்சமா எழுதியிருக்கு, நான் கவனிக்கலை!"

பத்து நாள்தானே. பத்து வாரம் பொறுத்தவருக்குப் பத்து நாள் என்ன பெரிசு? பாவநிவிர்த்தி நாளில் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஊதினார். நீட்டல் வரவில்லை, எல்லாம் உடைந்து உடைந்தே வந்தது. அன்றும் ஒன்றும் நடக்கவில்லை. கூடாரப் பண்டிகைக்கு இன்னும் ஐந்து நாள் என்றார் போதகர். அதற்கு வந்தவர்கள் பதினைந்து பேர். பண்டிகைக்காகத் துணி கட்டிய குடிசைக்குள் நின்று அவர் கொம்பை வாயில் வைத்தார். வெறும் காற்றுதான் வந்தது, தெரியாதவன் ஊதின மாதிரி.

மறுநாள் காலையில் மூச்சு அடைத்துக்கொண்டது. முகம் நீலமாகப் போனவரை மச்சான் டாக்சியில் போட்டுக் கொண்டுபோனான். கழுத்தை அறுத்து உள்ளே குழாய் வைத்தார்கள். எந்த ஓட்டை வேண்டாம் என்று ஓடினாரோ அந்த ஓட்டை வந்துவிட்டது. நோய் மட்டும் போகவில்லை.

"கழுத்து ரத்தக்குழாயைச் சுத்திடுச்சு" என்றார் டாக்டரம்மா. "இனிமே கத்தி வைக்க முடியாது." அவர் காகிதம் கேட்டு எழுதினார்: எவ்வளவு நாள்? டாக்டரம்மா மனைவியைப் பார்த்தார். அவள், "சொல்லுங்க, அவருக்கு அளவு சரியா இருக்கணும்" என்றாள். மிஞ்சிப் போனால் நாலு மாதம் என்றார் டாக்டரம்மா.

வீட்டுக்கு வந்து மூன்றாம் வாரம், சனிக்கிழமைக் கூட்டம் முடிந்து போதகர் வந்தார். கக்கத்தில் சுருட்டின காகிதம், வருஷக் கோடும் பண்டிகைக் கோடும் போட்டது. ஆள் இளைத்திருந்தாலும் கண் மட்டும் பளபளத்தது.

"தப்பு எங்கேன்னு கண்டுபிடிச்சுட்டேன் அண்ணே. ஒரு ராஜாவும் அவன் மகனும் மூணு வருஷம் சேர்ந்து ஆண்டிருக்காங்க. அந்த மூணு வருஷத்தை அப்பன் கணக்குலயும் எழுதி, மகன் கணக்குலயும் எழுதிட்டேன். ரெண்டு தடவை எண்ணிட்டேன்! அதைக் கழிச்சுப் பார்த்தா யூபிலி இந்த வருஷம் இல்லை. இன்னும் மூணு வருஷம் இருக்கு."

காகிதத்தைக் கட்டில்மேல் விரித்து நல்ல சேதி போலச் சொன்னார். கட்டிலில் சாய்ந்திருந்தவர் பென்சிலை எடுத்து எழுதினார்: மறுபடி போடுங்க.

"போட்டாச்சு அண்ணே. ஏழு தடவை போட்டுப் பார்த்தாச்சு. மூணுதான்."

அதன் கீழேயே எழுதினார்: எனக்கு நாலு மாசம்.

போதகர் படித்தார். காகிதத்தைச் சுருட்டத் தொடங்கினார்.

"எங்க கிளம்பறீங்க?" என்றாள் மனைவி. கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்று குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தவள். "பத்து நாள்னீங்க. அஞ்சு நாள்னீங்க. இப்ப மூணு வருஷம்ங்கிறீங்க. இந்த நாலு மாசத்துக்குள்ள ஒரு தேதிக்குமா வழியில்லை? நான் இதை ஒரு நாளும் நம்பினது கிடையாது பாஸ்டர். இருந்தாலும் கேட்கிறேன். அவருக்கு ஒரு நாளைச் சொல்லிட்டுப் போங்க."

"பொய் சொல்லச் சொல்றீங்களா சிஸ்டர்?"

"இவ்வளவு நாளும் அப்ப என்ன சொன்னீங்க?"

போதகர் உட்கார்ந்துவிட்டார். காகிதத்தை மறுபடி கட்டில்மேல் விரித்தார். கூடாரப் பண்டிகையிலிருந்து விரலை நகர்த்தி, அடுத்து வருகிற பண்டிகையைத் தேடினார். பஸ்கா. ஐந்து மாதத்துக்கு மேல் இருந்தது. விரல் அங்கேயே நின்றது. அதற்கு முன்னால் காகிதத்தில் எதுவும் இல்லை, வெறும் வெள்ளைதான்.

கொம்புக்காரர் முழங்கையை ஊன்றி எழுந்தார். போதகரின் விரலைப் பிடித்து, பஸ்காவிலிருந்து பின்னுக்கு இழுத்து, அந்த வெள்ளையில் வைத்து அழுத்தினார். பென்சிலை அவர் கையில் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்.

போதகர் பென்சிலைப் பிடித்தபடி குனிந்தே இருந்தார். கோடு விழவில்லை.