சிவப்பு அலைவரிசையில் இருவர்

செய்தியைச் சொன்னவர் ஹர்மீத். அதனாலேயே நான் முதலில் நம்பவில்லை.

"துமாரே அண்ணாஜி சலே கயே," என்றார் தொலைபேசியில். போய்விட்டார். எங்கே என்று கேட்டேன். ஊருக்கா, மாற்றலாகியா. ஹர்மீத், "அரே, குஸர் கயே," என்றார். இறந்துவிட்டார். காலையில். குளியலறையில். மாரடைப்பு.

சங்கரலிங்கம் அண்ணாச்சியும் ஹர்மீத்தும் பேச்சை நிறுத்திப் பல வருடங்கள் ஆகின்றன. அப்படியிருக்க இவருக்கு எப்படி எனக்கு முன்னால் தெரிந்தது? துக்கம் வருவதற்குள் இந்தக் கேள்வி வந்துவிட்டது. அண்ணாச்சியோடு ஒரே வீட்டில் இருந்தவனுக்கு அப்படித்தான் வரும். பதில் மிகச் சாதாரணமானது. அண்ணாச்சியின் மனைவி முதலில் அழைத்தது ஹர்மீத்தைத்தான். தெரிந்தவர்களில் வேன் வைத்திருந்தவர் அவர் ஒருவரே.

மயானத்தில் ஹர்மீத் தோள் கொடுத்தார். எல்லாம் முடிந்தபின் குழாயடியில் என்னைத் தனியே நிறுத்தினார். "சச் பதா, யார். உஸ் தின் உன்ஹோனே கியா தா?" உண்மையைச் சொல், அன்றைக்கு அவர்தான் செய்தாரா?

நான் கை கழுவிக்கொண்டிருந்தேன். கழுவிக்கொண்டே இருந்தேன்.

அந்தக் கேள்விக்கான பதிலாகவே இதை எழுதுகிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் இருந்த தமிழர்கள் சிலர் நம் தமிழ்ச் சங்க மலரைப் படிப்பீர்கள். நீங்களும் அன்றைக்கு அதையேதான் நினைத்தீர்கள். ஹர்மீத் வாய்விட்டுக் கேட்டார். வித்தியாசம் அவ்வளவுதான்.

அவரை அறியாதவர்களுக்கு: சங்கரலிங்கம், அம்பாசமுத்திரத்துக்காரர். ஒரு அமைச்சகத்தில் உதவியாளர். தலைநகரில், சரோஜினி நகரில் அரசுக் குடியிருப்பு. அதன் பின்னறையில் நான் வாடகைக்கு இருந்தேன். தொண்ணூறுகளின் கடைசி. எம்.ஏ. முடித்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் மொழிபெயர்ப்பு வேலை செய்துகொண்டிருந்தேன். அரசு வீட்டை உள்வாடகைக்கு விடக் கூடாது. எனவே அக்கம்பக்கத்துக்கு நான் அவர் மனைவியின் தம்பி. வாசலில் அத்தான், உள்ளே அண்ணாச்சி. இந்த ஏற்பாட்டில் நான் ஒருமுறைகூடத் தவறவில்லை. தவறினால் வீடு போய்விடும் என்று அவர் தினமும் நினைவூட்டினார்.

கதவைத் தட்டினால் திறப்பதற்கு முன் ஜன்னல் வழியே கீழே பார்க்கச் சொல்வார். "முதல்ல காலப் பாரும். ஷூ போட்டிருந்தா வீட்டச் சோதிக்க வந்த எஸ்டேட் ஆபீஸ்காரன். செருப்புன்னா சொந்தக்காரன்."

"சொந்தக்காரன்னா திறக்கலாமா அண்ணாச்சி?"

"எதுக்கு வந்திருக்கான்னு கேட்டுட்டுத் திறயும்."

மதினிக்கு, அதாவது அண்ணாச்சியின் மனைவிக்கு, உண்மையான தம்பி ஒருவர் சிங்கப்பூரில் இருந்தார். அவரிடம் அண்ணாச்சி வாழ்க்கையில் கேட்ட ஒரே பொருள் அந்தக் கிட். பேட்டரியில் ஓடும் பந்தயப் பக்கி, சிறிய பொம்மைக் கார். ரிமோட்டில் ஓட்டுவது, மண் தரையில் தாவிப் போவது. பெட்டியின் மேல் படத்தில் புழுதி பறந்தது. பெட்டிக்குள் வண்டி இல்லை. வண்டியாக ஆக வேண்டிய பிளாஸ்டிக்கும் திருகுகளும் பல்சக்கரங்களும் பைபையாக இருந்தன. நாற்பதைத் தாண்டிய ஒருவருக்கு இது எதற்கு? கேட்டேன்.

"பூட்டி வச்சத வாங்கினா உள்ள என்ன இருக்குன்னு தெரியாது. நாமளே பூட்டினா தெரியும்லா."

எந்தப் பையும் ஏற்கெனவே பிரிக்கப்படவில்லை என்பதை உறுதிசெய்யவே ஒரு மாலை போயிற்று. சுங்கத்தில் ஒரு திருகை எடுத்திருப்பார்கள் என்பது அவர் கணிப்பு. எல்லாம் சரியாக இருந்தது. அது அவரை இன்னும் சங்கடப்படுத்தியது.

தன் வெள்ளை வேட்டி ஒன்றைத் தரையில் விரித்து அதன்மேல் உட்கார்ந்துதான் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பூட்டினார். அச்சுகளைப் பிடித்து நிறுத்தும் சின்னஞ்சிறு எஃகு வளையங்கள் உண்டு. இடுக்கி நழுவினால் துள்ளிப் பறக்கும். சிமெண்டுத் தரையில் விழுந்தால் கிடைக்காது. வேட்டியில் விழுந்தால் தெரியும். ஷாக் அப்சார்பர்களில் எண்ணெய் ஊற்றி, காற்றுக்குமிழி மேலே வந்து உடையும்வரை அதையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்த நேரங்களில் மட்டும் அவர் முகத்தில் யார்மீதும் எதுவும் இல்லை.

சக்கரங்களைப் பொருத்தியபோது ஒரு சிக்கல். விளக்கப் புத்தகம் நட்டை இறுகத் திருகிவிட்டு ஒரு சிறு சுற்று தளர்த்தச் சொன்னது.

"தளர்த்தச் சொல்லுதான் பாத்தீரா. ஓட்டும்போது சக்கரம் கழண்டு தொலையணும். நாம போய் உதிரி வாங்கணும். அதான் யோசனை."

இறுக்கினார். முதல் ஓட்டத்தில் வண்டி முனகியது. நகரவில்லை. மோட்டார் தொட முடியாதபடி சுட்டது. மதினி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"உங்களுக்கு ஜப்பான்காரன் மேலயும் சந்தேகமா?"

"ஜப்பான்காரன் நல்லவன்தான். மொழிபெயர்த்தவன் யாரோ."

என்னைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு தளர்த்தினார். வண்டி நடைக்கும் கூடத்துக்கும் இடையில் அம்புபோலப் பாய்ந்து மதினியின் அரிசி வாளியில் மோதி நின்றது. மதினி திட்டவில்லை. அடுத்த வாரம் வண்டியின் கூட்டுக்கு வண்ணம் அடித்தவர் அவர்தான். கூடு கண்ணாடி போன்றது. உட்புறமாகத்தான் அடிக்க வேண்டும். வெளியே முதலில் தெரிய வேண்டிய கோடுகளை உள்ளே முதலில் வரைய வேண்டும். மாம்பழ மஞ்சளில் கறுப்புக் கோடுகள். அண்ணாச்சி திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு," என்றார். அவர் அகராதியில் அதற்குமேல் பாராட்டு கிடையாது.

சாணக்யபுரிப் பக்கம் தூதரகங்களுக்குப் பின்னால் ஒரு மண் மைதானம். அங்கே முதல்முறை போனபோது காவலர் ஒருவர் எங்களை நிறுத்தினார். பெட்டிக்குள் பேட்டரி, ஒயர்கள், நீண்ட ஆன்டெனா. இருக்கைக்கு அடியில் குண்டு இருக்கிறதா பாருங்கள் என்று பேருந்துகளில் எழுதிவைத்திருந்த ஊர்.

"யே க்யா ஹை?" இது என்ன?

"காடி." வண்டி.

"ஔர் யே?" அப்போ இது?

"ரிமோட்." அந்தச் சொல்லை அண்ணாச்சி மிக மெதுவாகச் சொன்னார். மெதுவாகச் சொன்னதே தப்பாகிவிட்டது. காவலர் ஒரு அடி பின்னால் போனார். சலாகே திகாவ், ஓட்டிக் காட்டு என்றார். அண்ணாச்சி ஓட்டினார். காவலர் சிரித்தார். பிறகு ரிமோட்டை வாங்கித் தானே ஓட்டினார். திருப்பித் தரவே மனமில்லை அவருக்கு.

நடந்து வரும்போது அண்ணாச்சி கேட்டார்: "அவன் நெசமாவே போலீஸா? போலீஸ்காரன் இவ்வளவு சிரிப்பானா?"

மைதானத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ரிமோட்டுகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு அலைவரிசை. அதற்கு ஒரு நிறம். அலைவரிசையைத் தீர்மானிப்பது கிரிஸ்டல் என்ற சிறு உலோகத் துண்டு. ரிமோட்டின் பின்புறம் செருகுவது. ஒரே நிறத்தில் இரண்டு ரிமோட்டுகளை ஒரே நேரத்தில் போட்டால் வண்டி யார் சொல் கேட்பதென்று தெரியாமல் தறிகெட்டு ஓடும். அதனால் ஒரு பலகையில் ஆறு நிறத்தில் துணி கிளிப்புகள். உங்கள் நிறத்துக் கிளிப்பை எடுத்துச் சட்டையில் மாட்டிக்கொண்ட பிறகே ரிமோட்டைப் போடலாம். கிளிப் பலகையில் இல்லையென்றால் உங்கள் நிறத்தில் வேறொருவர் ஓட்டுகிறார். காத்திருக்க வேண்டும். பூட்டு கிடையாது, காவல் கிடையாது. நம்பிக்கைதான்.

சிவப்பில் இரண்டு பேர். அண்ணாச்சி. ஹர்மீத்.

ஹர்மீத் கரோல் பாகில் மோட்டார் உதிரிபாகக் கடை வைத்திருந்தார். மைதானத்தை ஆரம்பித்தவரே அவர்தான். வரும்போதெல்லாம் வீட்டிலிருந்து பரோட்டாக்களைத் துணியில் சுற்றி எடுத்து வருவார். முதல் பரோட்டா அண்ணாச்சிக்கு. "கா லோ அண்ணாஜி, ஜஹர் நஹீ ஹை," என்பார். சாப்பிடுங்கள், விஷம் இல்லை. அண்ணாச்சி சிரித்துக்கொண்டே வாங்குவார். ஹர்மீத் ஒரு வாய் தின்றபின்தான் தின்பார்.

அன்றைக்கு ஓட்டம் ஹர்மீத்துடையது. சிவப்புக் கிளிப் அவர் காலரில். புது வண்டி, மாதக்கணக்காகப் பூட்டியது. மூன்றாம் சுற்றில் அது திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பவில்லை. சற்று நடுங்கியது. பிறகு நேராக, முழு வேகத்தில், வேலியின் இடைவெளி வழியே சாலைக்குப் போயிற்று. பேருந்து ஒன்று அதன்மேல் ஏறிப் போனது. ஓட்டுநருக்குத் தெரிந்திருக்கவே நியாயமில்லை.

எல்லோரும் திரும்பி அண்ணாச்சியைப் பார்த்தோம். கல்லின்மேல் உட்கார்ந்திருந்தார். மடியில் ரிமோட். அதன் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"கிளிப் மேரே பாஸ் ஹை, அண்ணாஜி. ஆப்கா ஸ்விட்ச் ஆன் க்யோன் ஹை?" கிளிப் என்னிடம் இருக்கிறது, உங்கள் ஸ்விட்ச் ஏன் ஆனில் இருக்கிறது என்றார் ஹர்மீத்.

"பேட்டரி தேக் ரஹா தா."

"ஆன் கர்கே?" ஆன் செய்தா?

பேட்டரி பார்த்தேன் என்பதை யாரும் நம்பவில்லை. உங்களில் ஒருவர், "இது நல்லா இல்ல சார்," என்றீர்கள். தமிழில் சொன்னதால் இன்னும் சுட்டது. அண்ணாச்சி பெட்டியை மூடினார். ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார். நான் பேருந்தில் வந்தேன்.

வீட்டில் அவர் வேட்டியை விரித்து உட்கார்ந்திருந்தார். பூட்டுவதற்கு ஒன்றும் இல்லை. ரிமோட்டை என்னிடம் நீட்டினார்.

"பின்னால திறந்து பாரும்."

திறந்தேன். கிரிஸ்டல் இருக்க வேண்டிய இடம் காலி. அவர் சட்டைப்பையிலிருந்து அதை எடுத்துக் காட்டினார். சிவப்புத் தாள் ஒட்டிய துண்டு. அது இல்லாமல் விளக்கு எரியும், பேட்டரி முள் அசையும். அலை போகாது.

"கிளிப்ப எவனும் எடுக்கலாம்வே. கீழ மார்க்கெட்டுல செவப்பு கிளிப் டஜன் கணக்குல தொங்குது. அத நம்பி ரிமோட்ட வச்சிட்டு எந்திரிச்சுப் போக முடியுமா? ஓட்டி முடிச்சதும் கழட்டிப் பையில போட்டுக்கிடுவேன். எப்பவும்."

"இத அங்கயே திறந்து காட்டியிருக்கலாமே அண்ணாச்சி."

"காட்டலாம். காட்டினா என்ன அர்த்தம்? இத்தன நாளும் உங்கள எல்லாம் கள்ளன்னு நெனச்சுக்கிட்டேதான் கூட உக்காந்து டீ குடிச்சேன்னு அர்த்தம்." கிரிஸ்டலை விரல்களுக்கு இடையில் உருட்டினார். "அவன் வீட்டுப் பரோட்டாவத் தின்னிருக்கேன்வே."

குற்றவாளியாக இருப்பது அவருக்குச் சம்மதமாக இருந்தது. நம்பாதவனாகப் பிடிபடுவது சம்மதமில்லை.

"அப்ப செஞ்சது யாரு?"

"சுத்திலும் தூதரகம். மாடி பூரா கம்பி நட்டு வச்சிருக்கான். எவன் எவன்கிட்டப் பேசுதான்னு யாருக்குத் தெரியும். இல்ல, நம்ம ஆளுலயே ஒருத்தன்."

"கண்டுபிடிக்க வேண்டாமா?"

"கண்டுபிடிச்சா மிச்சப் பேர நம்பணும்லா. அது நம்மால ஆவாது."

யாரிடமும் சொல்லக் கூடாது என்றார். சொல்லவில்லை. அவர் பிறகு மைதானத்துக்கு வரவில்லை. அடுத்த வருடம் நான் வேறு அறைக்குப் போனேன். பார்க்கப் போகும்போதெல்லாம் பக்கி அலமாரியின்மேல் இருக்கும். சக்கரங்களில் சில சமயம் புது மண்.

மயானத்திலிருந்து திரும்பிய மறுநாள் மதினியிடம் மட்டும் கேட்டேன், அந்தச் சிவப்புத் துண்டை அவர் பார்த்ததுண்டா என்று.

"ஞாயித்துக்கெழம சட்டைன்னாலே பையத் தடவிட்டுத்தான் தம்பி சோப்புல போடுவேன். ஒருநா தடவாமப் போட்டுட்டேன். அதுக்கு ரெண்டு நாளு பேசல மனுசன். வேணும்னே ஊறவச்சேனாம்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பு வேறாக மாறியது.

ஒரு மனைவியின் சாட்சியம். நீங்கள் ஏற்கமாட்டீர்கள் என்று தெரியும். நானும் யோசித்தேன். வழக்கமாகக் கழற்றுகிறவர் அன்றைக்குக் கழற்றவில்லை என்றால்? மைதானத்தில் நான் அந்தக் காலி இடத்தைப் பார்க்கவில்லை. பார்த்தது வீட்டில். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். அன்று மாலையே, நான் ரிமோட்டை மூடும்போது, சொன்னார்: "நான் ஆட்டோவுல வந்தேன். நீரு பஸ்ஸுல வந்தீரு. நடுவுல கழட்டியிருக்கலாம்லா? அதையும் யோசியும்." நிரபராதி இப்படிச் சொல்வானா? கள்ளன்கூடச் சொல்லலாம். இரண்டு பக்கமும் பல வருடங்கள் போய்வந்திருக்கிறேன்.

ஹர்மீத்துக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. உங்களில் யாராவது இந்தக் கடைசிப் பத்தியை அவருக்குச் சொல்லுங்கள். அண்ணாச்சி செய்யவில்லை. என்னிடம் ஆதாரம் இல்லை. அந்த ஆட்டோப் பயணத்தில் நான் கூட இல்லை. பின்னறைக்கு வாடகை கொடுத்த ஒருவனைத் தவிர வேறு யாருக்கும் அவர் எதையும் திறந்து காட்டவில்லை. காட்டிவிட்டு, நம்ப வேண்டியதில்லை என்றும் சொன்னார். அவர் பொருள் எதுவும் என்னிடம் இல்லை. மதினி கொடுத்தார், நான் வாங்கவில்லை. அவரிடமிருந்து நான் வைத்திருப்பது, அவரே ஒருபோதும் வைத்துக்கொள்ளாத ஒன்று. நான் அவரை நம்புகிறேன்.