தட்டில் மகளின் பக்கம்

வெள்ளிக்கிழமை மாலை ஐந்தே முக்காலுக்கு என் கணவர் மூன்றாவது தடவையாகக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மகள் ஐந்து மணி என்று சொல்லியிருந்தாள். பிந்துகிறாள் என்றே அதுவரை நினைத்திருந்தேன். வரவே மாட்டாளோ என்ற பயம் அப்போதுதான் பிடித்தது.

அவள் வீட்டை விட்டுப் போய்ப் பதினொரு நாள். பொறியியல் படிப்பை நிறுத்திவிட்டேன் என்றாள். "அப்ப இந்த வீட்டிலை உனக்கென்ன வேலை?" என்று கேட்டவள் நான். டான்ஃபோர்த் தெருவில் ஒரு சிநேகிதியின் அறையில் தங்கியிருந்தாள். வீட்டுக்கு வரமாட்டேன், பக்கத்திலுள்ள எத்தியோப்பியச் சாப்பாட்டுக் கடைக்கு வாருங்கள் என்று முதல்நாள் தொலைபேசியில் சொன்னாள்.

"அவள் வராள். எழும்பும், போவம்." கணவர் எழுந்தே விட்டார்.

"நீங்கள் வேணுமெண்டால் போங்கோ. நான் சாப்பிடப் போறன்."

"வெளியிலை தேத்தண்ணியும் குடிக்காத ஆள் நீர்!" என்றபடி திரும்ப உட்கார்ந்தார்.

வெள்ளிக்கிழமை, மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் சாப்பிடமாட்டோம் என்று பரிமாறும் பெண்ணிடம் சொன்னேன். தங்களுக்கும் வெள்ளி விரதம்தான் என்று சிரித்தாள். சுளகளவு தட்டு வந்தது. தட்டு முழுக்க விரித்த ஒரே ஒரு அப்பம், புளித்த வாசத்தோடு. அதன்மேல் சிவந்த பருப்பு, கீரை, வதக்கிய முட்டைக்கோவா. மகளுக்கு வேறாக எடுத்துவைக்க வேண்டும் என்றேன். கைபட்ட சாப்பாட்டை இன்னொருவருக்குக் கொடுக்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. வேறு தட்டுத் தருகிறேன், ஆனால் இது எல்லோரும் ஒன்றாகச் சாப்பிடுகிற சாப்பாடு என்றாள் அந்தப் பெண். பிறகு தட்டுக் கேட்க வெட்கமாகிவிட்டது. கோவாவைக் கரண்டியால் இழுத்து, தட்டின் குறுக்கே ஒரு கோடு போட்டேன்.

"அந்தப் பக்கம் அவளுக்கு. தொடக்கூடாது."

பருப்பு நம்முடைய மிளகாய்த்தூள் போட்டதுபோல உறைத்தது. பிடிவாதத்துக்காகச் சாப்பிடத் தொடங்கிய எனக்கு, நாலாவது வாயில் உண்மையாகவே பசித்தது. பதினொரு நாளில் முதல் பசி.

"கீரை உம்மடை கீரையை விடத் திறம்," என்று சொல்லிக்கொண்டு கணவரின் கை கோட்டைத் தாண்டியது. தட்டிவிட்டேன். படிப்பைப் பற்றி ஒரு சொல்லும் கேட்பதில்லை, கடை பூட்டும்வரை எழும்புவதில்லை என்று எனக்குள் முடிவெடுத்தேன்.

ஆறரைக்குக் கதவு திறந்தது. தொப்பியெல்லாம் பனியோடு மகள் வந்து எங்கள் மேசையருகே நின்றாள்.

"உன்ரை பங்கு," என்றேன். "ஒருதரும் கைவைக்கேல்லை."

"அஞ்சு மணியிலையிருந்து றோட்டுக்கு அங்காலை முன் கடைக்குள்ளை நிண்டு பாத்துக்கொண்டிருந்தனான். அப்பா எழும்பினவுடனை, நீங்களும் போயிடுவீங்கள் எண்டு நினைச்சன். நீங்கள் எழும்பவேயில்லை."

பிறகு அப்பத்தில் ஒரு துண்டு கிள்ளி, கோட்டுக்கு மேலால் கையை நீட்டி, நான் தின்று மிச்சம் விட்ட பருப்பில் தோய்த்தாள்.

"இஞ்சையும் வேலி அடைச்சுப்போட்டீங்களே, அம்மா? கொஞ்சம் தள்ளி இருங்கோ, பசிக்குது."